கொம்புச்சா ஜாடியில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கொம்புச்சா என்பது இனிப்புத் தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம். மலிவாகக் கிடைக்கும் கொம்புச்சா கிட்டை வாங்கி, அதில் கருப்பட்டி, இஞ்சி, நன்னாரி, நாவற்பழம் என்று நம் பக்கத்துப் பொருள்களைச் சேர்த்துச் சுவைகூட்டிக் குடிக்கும் பழக்கம் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் நான்கைந்து வீடுகளில் வேரூன்றிவிட்டது. முதலில் தொடங்கியவள் நான் என்பதால், ஜாடியில் எது நேர்ந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள். அப்படி வந்த ஜாடிகளையும் என் வீட்டிலேயே கெட்டுப்போனவற்றையும் பற்றிக் குறித்துவைத்த நோட்டிலிருந்து இதைத் தொகுத்திருக்கிறேன். இதே போலப் பியர் கிட் வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டில் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி குற்றம். ஆகவே அந்தப் பேச்சை இங்கே எடுக்கவில்லை.

கிட்டின் விலை குறைவு என்பதால் கோளாறு வருவதில்லை. சேர்க்கும் பொருளைத் தவறான நேரத்தில் சேர்ப்பதாலும், நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்காததாலுமே பெரும்பாலும் வருகிறது. முதல் ஜாடியில் தண்ணீர், தேயிலை, வெள்ளைச் சீனி, உறைநீர், ஆடை ஆகிய ஐந்தைத் தவிர எதுவும் விழக்கூடாது. கருப்பட்டியும் இஞ்சியும் பழமும் ஜாடியிலிருந்து வடித்தெடுத்த பிறகு, இரண்டாவதாக ஊற்றும் பாட்டிலில்தான் சேர வேண்டும். கிட்டோடு வரும் ‘ஸ்கோபி’ என்னும் வழவழப்பான வட்டத்தை ஆடை என்றும், அது மிதந்து வரும் புளித்த நீரை உறைநீர் என்றும் இங்கே சொல்கிறேன். பாலுக்கு உறைமோர் எப்படியோ அப்படித்தான் இந்த நீரும்.

கீழே வரும் சோதனைகளெல்லாம் இந்த அளவை வைத்துச் சொல்லப்பட்டவை. ஒரு லிட்டருக்கு டீத்தூள் 6 கிராம், சீனி 70 கிராம், உறைநீர் 150 மில்லி. நான் பார்த்த மலிவு கிட்களில் உறைநீர் 100 முதல் 150 மில்லி வரைதான் இருக்கிறது. ஆகவே முதல் முறை ஒரு லிட்டருக்கு மேல் போட வேண்டாம். மூன்று லிட்டர் ஜாடி வீட்டில் இருக்கிறதே என்று அதை நிரப்பியவர்கள்தாம் முதலில் என்னிடம் வந்தவர்கள். கண்ணாடி ஜாடி, வேடு கட்ட நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணி, ரப்பர் பேண்ட், புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். தாள் ஒரு கட்டு ஆகியவை இருந்தால் போதும். பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களும் மெருகு பூசிய ஊறுகாய்ப் பரணியும் ஆகாது. அமிலம் உலோகத்தை அரிக்கும், மெருகில் ஈயம் இருந்தால் அதையும் கரைத்து இறக்கும்.

## அறிகுறி: மேலே ஏதோ படர்ந்திருக்கிறது

பயந்து கொட்டுவதற்கு முன்னும், துணிந்து குடிப்பதற்கு முன்னும், ஜாடியை வெளிச்சத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

### உலர்ந்து, பஞ்சு போல, பச்சை, கறுப்பு, சாம்பல் அல்லது வெண் புள்ளிகளாக இருந்தால்

இது பூசணம். நீர் மட்டத்துக்கு மேலே, காற்று படும் பரப்பில் மட்டுமே பூக்கும். நாள்பட்ட ரொட்டியில் வருவதைப் பார்த்திருப்பவர்களுக்கு அடையாளம் தவறாது. அந்தப் புள்ளியை மட்டும் கரண்டியால் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்பது நடக்காது. ஆடையைக் கழுவி மறுபடி போடுவதும் கூடாது. நீர், ஆடை இரண்டையும் கொட்டிவிட்டு, ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து ஆறிய வினிகரால் அலசி, ஒரு நாள் வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும்.

காரணங்களில் எளியது உறைநீர் குறைந்தது. உறைநீர் ஊற்றிய உடனே பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் 4.5-க்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால், பூசணம் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே இன்னும் 50 மில்லி ஊற்றிவிடலாம். உறைநீர் கையிருப்பில் இல்லையென்றால், நுண்ணுயிர் இல்லாத வெள்ளை வினிகர் இரண்டு மேசைக்கரண்டி அந்த ஒரு முறைக்கு உதவும்.

அடுத்தது வேடு. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் சமையலறைத் துணிகள் எல்லாம் ஈரவாடை பிடித்துக் கிடக்கும். அந்தத் துணியையே வேடு கட்டினால் துணியிலிருந்தே பூசணம் இறங்கும். இஸ்திரி போட்ட துணியைக் கட்டுவது என் வழக்கம்.

மூன்றாவது காரணம் மேலே மிதக்கும் சேர்க்கை. பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு நாள் ஜாடியோடு வந்து, “ஏளா, பூத்துப்போச்சே, நான் நல்லாத்தானே போட்டேன்” என்று நின்றார்கள். வேட்டை அவிழ்த்ததும் ஏலக்காய் வாசனை. ஆடையின் மேல் சுக்குத் துண்டுகள் ஒவ்வொன்றும் சிறு தீவு போல உலர்ந்து நிற்க, ஒவ்வொரு தீவின் நடுவிலும் நீலப்பச்சைப் புள்ளி ஒன்று இருந்தது. சுற்றியிருந்த ஆடை பளபளவென்று சுத்தமாக இருந்தது. சுக்கு அந்த இடத்தில் நீருக்கு மேலே நின்றதுதான் பூசணத்துக்கு இடம் கொடுத்தது. அதே சுக்கைப் பாட்டிலில் போட்டு மூடியிருந்தால் பூத்திருக்காது.

இவை எதுவும் இல்லாமலும் இரண்டு முறை அடுத்தடுத்துப் பூத்தால் கிட் பழையது என்று முடிவுசெய்து, புது ஆடை வாங்குவதே வழி. நன்றாக இருக்கும் வீட்டில் கேட்டு வாங்கினால் செலவும் இல்லை. நன்றாக விளைந்த ஜாடியிலிருந்து ஓர் ஆடையும் கால் லிட்டர் உறைநீரும் எடுத்துத் தனியே வேடு கட்டி வைத்துக்கொள்வது, இந்தச் செலவை நிரந்தரமாகத் தவிர்க்கும்.

### வெண்மையாக, மெல்லியதாக, சுருக்கம் விழுந்த படலமாக இருந்தால்

இது காட்டு ஈஸ்ட். நஞ்சல்ல; ஆனால் சுவையைக் கெடுக்கும். படலத்தை வழித்தெடுத்து, அடுத்த முறை உறைநீரை லிட்டருக்கு 200 மில்லியாகக் கூட்டினால் பெரும்பாலும் மறையும். இரண்டாம் முறையும் வந்தால் அந்த ஆடையை விட்டுவிடுவது நல்லது.

### பழுப்பு நிற இழைகள் தொங்கினால்

ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஈஸ்ட் திரண்டு தொங்குகிறது. ஆடை அடியில் போய்ப் படுத்துக்கொண்டாலும், சாய்ந்து நின்றாலும் அப்படித்தான். மேலே புது ஆடை தானே விளையும்.

## அறிகுறி: பத்து நாளாகியும் இனிப்புத் தேநீராகவே இருக்கிறது

ஏழாம் நாள் பி.எச். தாள் 3.5-க்குக் கீழே காட்ட வேண்டும். 4.2-க்கு மேலே நின்றால் அந்த ஜாடியைக் குடிக்க வேண்டாம். போதிய அமிலம் ஏறாத இனிப்பு நீர் வேறு கிருமிகளுக்கு இடம் கொடுக்கும். மார்கழி, தை மாதங்களில் இன்னும் மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் பத்து நாளாகியும் புளிப்பு ஏறவில்லையென்றால் கொட்டிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

முதல் கேள்வி: தேநீர் ஆறிய பிறகுதான் ஆடையைப் போட்டீர்களா? பாத்திரத்தின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டால் சூடே தெரியக்கூடாது. வெதுவெதுப்பு இருந்தாலே இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

இரண்டாவது கேள்வி: அவசரமாக ஆறவைக்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றினீர்களா? பாதித் தண்ணீரில் டிக்காக்‌ஷன் போட்டு, மீதியைக் குழாயிலிருந்து அப்படியே கலப்பது பலருடைய வழக்கம். மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும் நாள்களில் அந்தப் பச்சைத் தண்ணீரே உறையை அடக்கிவிடும். முழுத் தண்ணீரையும் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் குளோரின் போய்விடும். போர் தண்ணீர் வேறு கதை. கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் சப்புத் தண்ணீரில் காரத்தன்மை மிகுதி. உறைநீரில் உள்ள அமிலத்தை அது தின்றுவிடும். கேன் தண்ணீரில் ஒரு முறை போட்டுப் பார்த்து, அது ஒழுங்காகப் புளித்தால் குற்றவாளி தண்ணீர்தான். வீட்டில் போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் காரத்தன்மையையும் கடினத்தன்மையையும் பரிசோதித்துக்கொள்வது, கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டி வாங்குவதைவிட மேல்.

மூன்றாவது கேள்வி: எந்தத் தேயிலை? ஏலக்காய், கிராம்பு கலந்த மசாலா டீத்தூளில் உள்ள எண்ணெய்கள் உறையைத் தளர்த்தும். கலப்பில்லாத சாதாரணத் தேயிலையே வேண்டும். விலை உயர்ந்தது வேண்டியதில்லை.

### சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டிருந்தால்

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பகுதியில் இந்தக் கோளாறு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வருகிறது. “வெள்ளைச் சீனி கெடுதல், கருப்பட்டி நல்லது” என்ற நல்லெண்ணத்தில், உடன்குடிக் கருப்பட்டியை வாங்கி முதல் ஜாடியிலேயே கரைத்துவிடுகிறார்கள். பனையேறிகள் பாளை சீவி இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பதற்கே அந்தச் சுண்ணாம்பு. புளிக்காமல் இருப்பதற்காகச் சேர்த்த பொருளின் மிச்சம் உள்ள இனிப்பை எடுத்து, புளிக்க வைக்க வேண்டிய ஜாடியில் போட்டால், உறைநீரின் அமிலம் முதலில் அந்தச் சுண்ணாம்பைச் சமாளித்த பிறகுதான் தன் வேலையைத் தொடங்க முடியும். ஒரே நாளில், ஒரே அளவு உறைநீர் ஊற்றி, சீனியில் ஒன்றும் கருப்பட்டியில் ஒன்றுமாக இரண்டு ஜாடி வைத்துத் தாளை நனைத்துப் பார்த்தேன். சீனி ஜாடியில் தாள் நன்றாக ஆரஞ்சு நிறம் காட்டியது. கருப்பட்டி ஜாடியில் மஞ்சளிலேயே நின்றுவிட்டது. கருப்பட்டிக்குக் கருப்பட்டி சுண்ணாம்பின் அளவு மாறும் என்பதால், ஒருவருக்கு நன்றாக வந்ததை வைத்து இன்னொருவர் நம்பிவிடவும் முடியாது.

கருப்பட்டியே வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. முதல் ஜாடியைச் சீனியில் விளையவைத்து, பி.எச். 3.5-க்குக் கீழே இறங்கிய பின் வடித்தெடுத்து, பாட்டிலில் கருப்பட்டிப் பாகு சேர்க்கலாம். அப்போது அமிலம் முழுதாக ஏறியிருக்கும். சிறிதளவு சுண்ணாம்பு எதையும் அசைக்காது. வெறும் கருப்பட்டியைத்தான் எடுக்க வேண்டும். சில்லுக்கருப்பட்டியில் சுக்கும் ஏலமும் மிளகும் ஏற்கெனவே இருப்பதால், அதைப் போட்டுவிட்டு மேலும் இஞ்சி சேர்த்தால் காரம் தொண்டையைப் பிடிக்கும். பதநீரை நேராக ஊற்றுவது எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அது புளித்தால் கள். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருக்கிறது.

## அறிகுறி: ஐந்தே நாளில் காடியாகிவிட்டது

பங்குனியிலிருந்து ஆவணி வரை இந்தப் புகார்தான். கிட்டோடு வரும் தாளில் 7 முதல் 14 நாள் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 24 முதல் 28 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள எங்கள் சமையலறையில் பிற்பகல் மூன்று மணிக்கு 36 டிகிரி காட்டுகிறது. அந்தச் சூட்டில் நாலாம் நாளிலிருந்தே தினமும் சுத்தமான கரண்டியால் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும். இனிப்பும் புளிப்பும் சமமாக இருக்கும் அன்றைக்கே வடிக்க வேண்டும், நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்றால் கை மீறிவிடும்.

செலவில்லாத முதல் மாற்றம் இடம். அடுப்பு மேடையிலும் பிரிஜ்ஜின் மேலும் வைக்காமல், தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், தரையோடு தரையாக வையுங்கள். அகன்ற எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி, அதில் ஜாடியை நிறுத்தி, ஈரத்துண்டை ஜாடியைச் சுற்றிக் கட்டி அதன் நுனி தண்ணீரில் தொங்கும்படி விடுவது இரண்டாவது. மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர்விக்கிறதோ அதே வேலையை இந்தத் துண்டு செய்யும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று நம் சமவெளியில் வறண்டு வீசும்போது, சன்னலோரம் வெயில் படாத இடத்தில் இப்படி வைத்தால் மூன்று நான்கு டிகிரி இறங்குகிறது. குற்றாலத்துச் சாரல் எட்டும் ஊர்களில் காற்றில் ஈரம் இருப்பதால் துண்டு அவ்வளவு பயன்படாது. அங்கே வெயிலும் குறைவென்பதால் தேவையும் இல்லை.

காடியாகிவிட்டதைக் கொட்ட வேண்டாம். பி.எச். 2.5-க்குக் கீழே போயிருந்தால் குடிக்கக் கூடாது. ஆனால் அடுத்த ஜாடிக்கு அதைவிட வலுவான உறைநீர் கிடைக்காது. வெள்ளரிக்காய், வெங்காயப் பச்சடிக்கு வினிகர் போலவும் ஊற்றலாம். ஆண்டுக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு மட்டும் இதன் அமில அளவை நம்ப வேண்டாம்.

## அறிகுறி: பாட்டிலில் கேஸ் ஏறவில்லை

முதலில் மூடியைப் பாருங்கள். மூடிய பாட்டிலைத் தண்ணீரில் முக்கி, மெல்ல அமுக்கினால் குமிழி வந்தால் கசிகிறது. ஹார்லிக்ஸ் பாட்டில், ஜாம் பாட்டில் ஆகியவற்றின் மூடி கேஸைப் பிடிக்காது. பிடித்தால் அது இன்னும் ஆபத்து, அந்தக் கண்ணாடி அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

மூடி சரியாக இருந்தால், வடிக்கும் முன் ஜாடியைக் கலக்கினீர்களா என்று பாருங்கள். ஈஸ்ட் அடியில் படிந்திருக்கும். தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்தால் பாட்டிலில் வேலை செய்ய ஆளே இருக்காது. மரக்கரண்டியால் ஒரு சுற்றுக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள்.

அதற்கும் மேல், சேர்த்த பொருளைச் சந்தேகிக்க வேண்டும். கடையில் வாங்கும் நன்னாரி சர்பத், பழரசம் ஆகியவற்றில் கெடாமலிருக்கச் சோடியம் பென்சோயேட் சேர்த்திருப்பார்கள். புட்டியின் பின்புறம் இ211 என்றும் இருக்கலாம். அது ஈஸ்டையும் அடக்கும். நன்னாரி வேரை இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, சீனிப் பாகு நாமே காய்ச்சினால் இந்தச் சிக்கல் இல்லை.

## அறிகுறி: திறந்தால் பொங்கி வழிகிறது, அல்லது பாட்டில் வெடித்தது

ஒரு சித்திரை மாதம் மாம்பழக் கூழ் சேர்த்த ஆறு பாட்டில்களை அலமாரியில் வைத்துவிட்டு, திருச்செந்தூர் போய் மறுநாள் இரவுதான் திரும்பினேன். விளக்கைப் போட்டதும் தரையில் சீனி போலச் சிதறிக் கிடந்தது கண்ணாடி. ஒரு பாட்டில் வெடித்து, பக்கத்திலிருந்த இரண்டையும் உடைத்திருந்தது. அலமாரிக் கதவின் உட்பலகையில் பாட்டில் கழுத்து ஒன்று குத்திக்கொண்டு நின்றது. பகல் நேரமாக இருந்து, பிள்ளைகள் யாராவது அந்தக் கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆகவே இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

பாட்டில் இப்போது விறைப்பாக இருந்தால்: முதலில் திறக்காதீர்கள். தடித்த துண்டால் பாட்டிலைச் சுற்றி, முகத்தை விலக்கி, பிரிஜ்ஜின் குளிர்ந்த தட்டில் ஒரு முழு நாள் வையுங்கள். குளிர்ந்த பின், துண்டோடு கழுவும் தொட்டியில் வைத்து, மூடியை நூல் நூலாகத் தளர்த்துங்கள். கண்ணாடியில் கீறல் கண்டால் தொடவே வேண்டாம். கனத்த சாக்கைப் போர்த்தி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் விட்டுவிடுங்கள். கண்ணில் கண்ணாடித் துகள் பட்டால் தேய்க்கவோ, வீட்டில் எடுக்க முயலவோ கூடாது. சுத்தமான துணியால் அழுத்தாமல் மூடி நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி வராமலிருக்க: இனிப்பின் அளவுதான் எளிய காரணம். அரை லிட்டர் பாட்டிலுக்குச் சேரும் சீனியோ கருப்பட்டியோ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பழம் சேர்த்தால் அந்த ஒரு தேக்கரண்டியும் வேண்டாம். பழத்தின் இனிப்பே போதும். மாம்பழம், அன்னாசி, திராட்சை ஆகிய மூன்றும் மற்றவற்றைவிட வேகமாக ஏறும். அடுத்தது நாள். சித்திரை, வைகாசியில் ஒரே நாள். மார்கழியில் இரண்டு மூன்று நாள். பிறகு கட்டாயம் பிரிஜ்ஜில். கழுத்தில் நாலு விரற்கடை காலி இடம் விடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்றி, மற்ற கண்ணாடிப் பாட்டில்களோடு அதே இடத்தில் வையுங்கள். விரலால் அமுக்கினால் குழியாத அளவுக்கு அது விறைத்துவிட்டால், எல்லாப் பாட்டில்களும் பிரிஜ்ஜுக்குப் போக வேண்டிய நேரம் அது. செலவு செய்ய முடிந்தவர்கள் கம்பி மூடி போட்ட தடித்த, வட்ட வடிவப் பாட்டில்களை வாங்கலாம். சதுர வடிவ அலங்காரப் பாட்டில்கள் அழுத்தம் தாங்கா. பயணம் போகும் வாரத்தில் பாட்டிலில் ஊற்றவே வேண்டாம்.

## அறிகுறி: வாடை சரியில்லை

அழுகிய முட்டை வாடை என்றால், குறிப்பாக இஞ்சி சேர்த்த பாட்டிலில், ஈஸ்ட் திணறுகிறது. திறந்து, துணி மூடி ஒரு நாள் விட்டால் போய்விடும். நகப்பூச்சு வாடை என்றால் வெயில் அதிகம். மேலே சொன்ன ஈரத்துண்டு முறைக்குப் போங்கள், அந்த ஜாடியை வடித்து உறைநீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரச்சுவர் போன்ற பூசண வாடை, சாக்கடை வாடை, கொழகொழவென்று எண்ணெய் போல இழுபடும் தன்மை ஆகியவற்றில் எது இருந்தாலும் சுவைத்துப் பார்க்காமல் கொட்ட வேண்டும்.

## அறிகுறி: சிறு ஈக்கள், அல்லது ஆடையில் புழு

வாழைப்பழத்தை மொய்க்கும் அதே சிறு ஈ. வலைத்துணி போதாது, அதன் கண்ணி வழியே நுழைந்துவிடும். வேட்டித் துணியை இரண்டாக மடித்து, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுப் போடுங்கள். ஒரு கிண்ணத்தில் பழைய காடியும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் கலந்து பக்கத்தில் வைத்தால் அதில் போய் விழும். ஆடையில் ஒரு புழு கண்டாலும் ஜாடி முழுவதும் போயிற்று.

## அறிகுறி: சேர்த்த பொருளின் சுவை இல்லை, அல்லது கசக்கிறது

அரை லிட்டருக்கு எனக்கு நிலைத்துவிட்ட அளவுகள் இவை. துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, கருப்பட்டிப் பாகு ஒரு தேக்கரண்டி. நாவற்பழம் ஆறு, கொட்டை நீக்கிப் பிசைந்தது. நிறம் ஒரே இரவில் ஏறிவிடும். வீட்டு நன்னாரிப் பாகு ஒரு தேக்கரண்டி. எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, புளியங்குடிப் பழமாக இருந்தால் ஒன்றே போதும், சாறு அவ்வளவு தூக்கலாக இருக்கிறது.

கசப்புக்குப் பெரும்பாலும் எலுமிச்சைத் தோலின் வெண்பகுதியும் விதையும் காரணம். நார்த்தங்காய் சேர்த்தால் சாறு மட்டும். நன்னாரி வேர் மண்வாடை அடித்தால் வேரின் நடுத்தண்டை நீக்காமல் இடித்திருப்பீர்கள், மேல்பட்டையில்தான் மணம். தேயிலையை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டாலும் துவர்ப்பு ஏறிக் கசப்பாகத் தோன்றும். சுக்குத்தூள் பாட்டிலின் அடியில் சேறாகப் படியும். தூளுக்குப் பதில் தட்டிய சுக்கைத் துணியில் முடிந்து போட்டு, மறுநாள் எடுத்துவிடலாம். கருப்பட்டியில் மணல் வருவது வழக்கமானதுதான். கரைத்து, சூடாக வடிகட்டி, அடிமண்டியை விட்டுவிட்டுப் பாகாக்க வேண்டும்.

## அறிகுறி: குடித்தவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை

வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் என்றால் அளவு அதிகம்; நிறுத்திவிட்டு, பிறகு 50 மில்லியில் தொடங்கலாம். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டும், என்ன குடித்தோம் என்பதையும் எத்தனை நாளாக என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், மீதிப் பாட்டிலையும் கொண்டுபோக வேண்டும். 1995-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நாள்தோறும் கொம்புச்சா குடித்துவந்த இரண்டு பெண்கள் இரத்தத்தில் அமிலம் மிகுந்து கடுமையாக நோயுற்றார்கள், ஒருவர் இறந்துபோனார். கொம்புச்சாதான் காரணம் என்று உறுதிப்படவில்லை. ஆயினும் அதன்பின் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம், உடல்நலம் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 மில்லி தீங்கு செய்யாதிருக்கலாம் என்று சொன்னது; எங்கள் வீட்டில் ஒரு சிறு டம்ளர் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். கருவுற்றவர்கள், சிறு பிள்ளைகள், எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், சிறுநீரக, கல்லீரல் நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு நான் கொடுப்பதே இல்லை, எவ்வளவு வற்புறுத்தினாலும்.

### குடித்தால் கிறுகிறுப்பு தெரிந்தால்

கொம்புச்சாவில் சிறிதளவு ஆல்கஹால் இயல்பாகவே உண்டாகும். இனிப்பு மிகுதியாகச் சேர்த்து, மூடி, வெயிலில் பல நாள் விட்ட பாட்டிலில் அது ஏறும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். வீட்டில் நாக்கால் இந்த அளவைக் கண்டுபிடிக்க இயலாது. பழச்சேர்க்கையைக் குறைத்து, ஒரே நாளில் பிரிஜ்ஜுக்கு மாற்றுவதுதான் நம் கையில் இருப்பது. வாய்க்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாராவது விலைக்குக் கேட்டால், அங்கே வீட்டு முறையை நிறுத்திவிட வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் பதிவு பற்றி விசாரித்து, ஆல்கஹால் அளவை ஆய்வகத்தில் சோதித்த பிறகே ஒரு பாட்டிலாவது வெளியே போகலாம். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்று பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. சோதனைக்குக் கொண்டுபோகும் பாட்டிலை, ஊற்றிய தேதி, சேர்த்த பொருள், பிரிஜ்ஜுக்கு மாற்றிய நேரம் மூன்றையும் எழுதி ஒட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போங்கள். போகும் வழியில் சூடேறினால் பாட்டிலுக்குள் வேலை தொடர்ந்து நடந்து, வீட்டில் இருந்த அளவு ஒன்றாகவும் தாளில் வரும் அளவு வேறாகவும் ஆகிவிடும்.